கார் டயருக்கு ஏர் பம்ப்: 150 பிஎஸ்ஐ என்பதைப் பார்த்து வாங்கலாமா?

9 மார்ச் 2024, காலை (கேள்வி)

ஹேட்ச்பேக் கார். டயர் 185/65 ஆர்15, டியூப்லெஸ். கதவோர ஸ்டிக்கரில் 33 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு). டிக்கியில் போட்டு வைக்க ஒரு ஏர் பம்ப் வேண்டும். ஒன்றில் 100 பிஎஸ்ஐ, இன்னொன்றில் 150 பிஎஸ்ஐ என்று போட்டிருக்கிறது. விலையில் நானூறு ரூபாய் வித்தியாசம். 150 தானே பலமானது? ஒயர் வைத்ததா, பேட்டரி வைத்ததா என்பதிலும் குழப்பம்.

9 மார்ச், மாலை

150-ஐ மறந்துவிடுங்கள். உங்களுக்கு வேண்டியது 33. அந்த 100 பிஎஸ்ஐ பம்பே மூன்று மடங்கு. மோட்டார் திணறி நிற்பதற்குள் மூடிய குழாயில் எவ்வளவு அழுத்தம் ஏறும் என்பதை மட்டும்தான் அந்த எண் சொல்கிறது. காற்று எவ்வளவு வேகமாகப் போகும் என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பிஸ்டனைச் சின்னதாகப் போட்டால் அழுத்தம் சுலபமாக ஏறும், ஆனால் ஒவ்வொரு அடிக்கும் போகிற காற்று குறையும். ஒல்லியான சைக்கிள் கைப்பம்பில் 100 பிஎஸ்ஐ எட்டிவிடலாம். அதைக் கொண்டு கார் டயரை நிரப்ப உட்கார்ந்தால் தோள்பட்டை கழன்றுவிடும்.

பார்க்க வேண்டியது நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்பது. உங்கள் டயருக்குள் சுமார் 28 லிட்டர் இடம் இருக்கும். வெளிக்காற்றின் அழுத்தம் 14.7 பிஎஸ்ஐ. 28-ஐ 14.7-ஆல் வகுத்தால் 1.9. ஒரு பிஎஸ்ஐ ஏற்ற அத்தனை லிட்டர் வெளிக்காற்று உள்ளே போக வேண்டும். மாதாமாதம் 29-லிருந்து 33-க்கு ஏற்றுவதற்கு டயருக்கு எட்டு லிட்டர்கூட ஆகாது. தரையோடு தரையாக இறங்கிய டயரை 33-க்குக் கொண்டுவர 63 லிட்டர்.

பெட்டியில் "35 லிட்டர்/நிமிடம்" என்று போட்டிருந்தால் இரண்டே நிமிடம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். எதிரில் அழுத்தமே இல்லாமல் வெறுங்குழாயில் ஊதும்போது அளந்த எண் அது. டயரில் 30 பிஎஸ்ஐ எதிர்த்து நிற்கும்போதும் அதில் பாதி போனாலே நல்ல பம்ப். நடைமுறையில் முழு டயருக்கு நான்கு நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள்.

"0-விலிருந்து 35 பிஎஸ்ஐ-க்கு இத்தனை நிமிடம்" என்று டயர் அளவோடு சேர்த்து எழுதியிருந்தால் அது லிட்டர் கணக்கைவிட நம்பலாம். டயர் அளவு இல்லாமல் நிமிடம் மட்டும் போட்டிருந்தால் அது சைக்கிள் டயராகவும் இருக்கலாம்.

10 மார்ச்

அடுத்தது மின்சாரம். லைட்டர் சாக்கெட்டின் மூடியிலோ உட்புறத்திலோ "12 வோல்ட் 120 வாட்" என்று எழுதியிருக்கும். அதாவது 10 ஆம்பியர். அதற்கான ஃபியூஸ் பெரும்பாலும் 10, 15, அல்லது 20 ஆம்பியர். கார் மேனுவலில் ஃபியூஸ் பக்கத்தைப் பார்த்துவிட்டுப் பம்ப் வாங்குங்கள். 15 ஆம்பியர் இழுக்கும் இரட்டைச் சிலிண்டர் பம்பை 120 வாட் சாக்கெட்டில் செருகினால் ஃபியூஸ் போகும். அதைவிட மோசம், ஃபியூஸ் போகாமல் சாக்கெட் உருகுவது.

அந்த உருகல் எங்கே வரும் என்று தெரிந்துகொள்ளுங்கள். பிளக்கின் நுனியில் ஸ்பிரிங் வைத்த பித்தளைப் பொட்டு இருக்கும். அது சாக்கெட்டின் அடியில் சரியாக உட்காராவிட்டால் தொடுகிற இடத்தில் தடை கூடி, சூடாகி, சுற்றியுள்ள பிளாஸ்டிக் இளகும். இரண்டு நிமிடம் ஓட்டிவிட்டுப் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை, விரல் வைக்க முடியாவிட்டால் அந்தப் பிளக் வேண்டாம். பல பிளக்குகளில் நுனியைத் திருகிக் கழற்றினால் உள்ளே கண்ணாடி ஃபியூஸ் இருக்கும். "பம்ப் செத்துவிட்டது" என்று தூக்கிப்போடுவதற்கு முன் அதைப் பாருங்கள்.

180 வாட்டுக்கு மேல் என்றால் முதலைக் கிளிப் வைத்து நேராக பேட்டரியில் மாட்டும் வகைதான் சரி. அந்தக் கிளிப் ஒயரிலும் ஃபியூஸ் இருக்க வேண்டும்.

பம்ப் ஓடும்போது எஞ்சின் ஓடட்டும். இல்லையென்றால் பேட்டரி இறங்கிவிடும்.

10 மார்ச், இரவு

215/60 ஆர்17 போட்ட எஸ்யூவிக்கு என்ன என்று கேட்டிருக்கிறார்கள். உள்ளே ஏறக்குறைய 40 லிட்டர். மேலே சொன்ன எல்லா நேரத்தையும் ஒன்றரையால் பெருக்குங்கள். சின்னப் பேட்டரி பம்பில் இந்த டயர் முழுக்க நிரம்பாது என்று சொல்லமாட்டேன். நிரம்பும், நடுவில் ஒருமுறை ஆறவிட்டால்.

12 மார்ச்

ஆறவிடுவது ஏன் என்று ஒருவர். காற்றை அமுக்கினால் சூடாகும். 32 டிகிரி வெயிலில் 33 பிஎஸ்ஐ-க்கு அமுக்கும்போது, வெப்பம் வெளியேற வழியில்லையென்றால், சிலிண்டருக்குள் காற்று கணக்குப்படி 150 டிகிரியைத் தாண்டும். சிலிண்டர் உலோகமாக இருந்தால் அதில் பெரும்பங்கை வாங்கி வெளியே விடும். அதனால்தான் நல்ல பம்ப் கையில் கனக்கும். பிஸ்டனைச் சுற்றியுள்ள டெஃப்லான் வளையம் சூட்டில் தேயும், தேய்ந்தால் காற்று பின்பக்கம் கசியும். பம்ப் முன்போலவே சத்தம் போடும், ஆனால் 25-க்கு மேல் முள் நகராது. அது மோட்டார் கோளாறல்ல, வளையம் போய்விட்டது.

மேனுவலில் "10 நிமிடம் ஓட்டி 10 நிமிடம் நிறுத்து" என்று இருந்தால் அதை மதியுங்கள். நிறுத்தியவுடன் வாய்ப்பூட்டின் (குழாய் நுனியில் டயர் வால்வோடு மாட்டும் பாகம்) பித்தளையை வெறுங்கையால் பிடிக்காதீர்கள். குழாய் குட்டையாக இருக்கும் பம்புகளில் அது சுடும்.

இரட்டைச் சிலிண்டர் வேகம்தான். ஆனால் சூடும் மின்சாரமும் இரட்டிப்பு. உங்கள் 15 அங்குல டயருக்கு ஒற்றைச் சிலிண்டர், 100 முதல் 120 வாட், போதும்.

15 மார்ச்

இப்போது பேட்டரி பம்ப். எம்ஏஎச் (மில்லி ஆம்பியர்-அவர்) எண்ணைப் பார்க்காதீர்கள். 2000 எம்ஏஎச் செல் மூன்றைத் தொடராக இணைத்தால் 11.1 வோல்ட், 2000 எம்ஏஎச்தான். விளம்பரத்தில் மூன்றையும் கூட்டி 6000 என்று போட்டுவிடுவார்கள். உண்மையான அளவு வாட்-அவர்: 11.1 வோல்ட் × 2 ஆம்பியர்-அவர் = 22.2. இரண்டு செல் என்றால் 14.8. ஸ்டிக்கரில் பொடி எழுத்தில் அது இருக்கும்.

காலியான உங்கள் டயர் ஒன்றை நிரப்ப 6 முதல் 8 வாட்-அவர் ஆகும். 120 வாட் பம்பை நான்கு நிமிடம் ஓட்டினால் 8, கணக்கு ஒத்துப்போகிறது. ஆக 14.8 வாட்-அவர் பம்ப் முழு சார்ஜில் இரண்டு டயரைத் தொடும் தொடாமலும் முடிக்கும். மாதாமாதம் நான்கு டயருக்கும் நான்கு நான்கு பிஎஸ்ஐ ஏற்றுவதற்கு அது தாராளம்.

குறை வேறு இடத்தில். இது டிக்கியில் மூன்று மாதம் கிடக்கும், தேவைப்படும் அன்று சார்ஜ் இருக்காது. நம் ஊர் ஏப்ரல் வெயிலில் மூடிய கார் டாஷ்போர்டு அடுப்புதான். லித்தியம் செல்லுக்கு 60 டிகிரி என்பது சித்திரவதை. கண்ணாடிக்குக் கீழே வைக்கவே கூடாது. முன்சீட்டுக்கு அடியிலோ, டிக்கித் தரைக்குக் கீழே ஸ்டெப்னி குழியிலோ வையுங்கள். முழு சார்ஜில் வெயிலில் கிடப்பதுதான் செல்லைச் சீக்கிரம் கெடுக்கும். முக்கால் சார்ஜில் வைத்து இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஏற்றுங்கள். செல் உப்பி உடல் பிதுங்கியிருந்தால் சார்ஜ் போடாமல் அப்புறப்படுத்துங்கள்.

என் தேர்வு: காருக்கு மட்டும் என்றால் ஒயர். கார், ஸ்கூட்டர், சைக்கிள் மூன்றும் வீட்டில் இருந்தால் பேட்டரி. இரண்டு வசதியும் உள்ளது என்று விற்கும் கலப்பு வகையில், சாக்கெட்டில் செருகினால் மோட்டார் நேரடியாக ஓடுமா, அல்லது பேட்டரிக்கு சார்ஜ் மட்டும் ஏறுமா என்று கேட்டு வாங்குங்கள். டைப்-சி துளை மட்டும் இருந்தால் அநேகமாக சார்ஜ் மட்டும்தான்.

16 மார்ச்

10-ம் தேதி எழுதியதில் ஒரு திருத்தம். "எஞ்சின் ஓடாவிட்டால் பேட்டரி இறங்கிவிடும்" என்றது மிகை. 10 ஆம்பியரில் பத்து நிமிடம் ஓடினால் 1.7 ஆம்பியர்-அவர் செலவு. 35 ஆம்பியர்-அவர் பேட்டரிக்கு அது ஒரு வாய்த் தண்ணீர். ஏற்கெனவே தளர்ந்த பேட்டரியாக இருந்தால் மட்டும் பயப்படலாம்.

எஞ்சினை ஓடவிடச் சொல்வதற்கு உண்மையான காரணம் வோல்ட். நின்ற காரில் 12.4 சுமார், ஓடும்போது 13.8-க்கு மேல். டிசி மோட்டாரின் வேகம் வோல்ட்டோடு ஏறும், நிரப்பும் நேரம் குறையும். மூடிய ஷெட்டுக்குள் என்றால் எஞ்சினை அணைத்தே செய்யுங்கள், புகை ஆபத்து. இன்னொன்று: எஞ்சினை முதலில் ஸ்டார்ட் செய்து பிறகு பம்பைப் போடுங்கள். ஸ்டார்ட் ஆகும் நொடியில் சாக்கெட் துண்டித்து மீளும், பம்புக்கு அந்த அதிர்ச்சி வேண்டாம்.

16 மார்ச், சற்று நேரம் கழித்து

ஒயர் நீளத்தை விட்டுவிட்டேன். சாக்கெட்டிலிருந்து பின்சக்கரம் வரை போக மூன்று மீட்டர் ஒயரும் முக்கால் மீட்டர் குழாயும் வேண்டும். கடையில் அவிழ்த்து அளக்கச் சொல்லுங்கள். ஆனால் நீளம் சும்மா வராது. 0.75 சதுர மி.மீ. செம்பு ஒயரில் மூன்று மீட்டர் போய்வர 0.14 ஓம். 10 ஆம்பியரில் 1.4 வோல்ட் வழியிலேயே போய்விடும். எஞ்சினை ஓடவிட்டுச் சேர்த்த வோல்ட் ஒயரில் கரைந்தது. எக்ஸ்டென்ஷன் ஒயர் கூடுதலாக மாட்டாதீர்கள் என்று சொல்வதும் இதனால்தான். ஒயர் தடிமனாக இருந்தால் ரப்பர் மட்டும் தடிமனா என்றும் பாருங்கள்.

21 மார்ச்

தானாக நிற்கும் பம்பில் 33 வைத்தேன், நின்றது, கேஜ் வைத்து அளந்தால் 32 என்று ஒருவர் புகார். பம்ப் பழுதில்லை. சென்சார் இருப்பது பம்புக்குள். காற்று ஓடும்போது குழாயும் வால்வும் தடுப்பதால் பம்புப் பக்கம் அழுத்தம் டயரைவிடக் கொஞ்சம் கூடுதல். அது 33 என்று நினைத்து நிறுத்துகிறது, ஓட்டம் நின்றதும் திரையில் ஒரு பிஎஸ்ஐ இறங்கிக் காட்டும். ஒன்று கூட்டி 34 வையுங்கள், நின்றபின் திரையைப் பாருங்கள்.

திரையையே முழுசாக நம்பவும் வேண்டாம். தனியாக ஒரு கேஜ் வாங்கி வைத்து இரண்டுக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று ஒரு தரம் பார்த்து, பம்பின் மேல் மார்க்கரால் எழுதிவிடுங்கள். மலிவுப் பம்பின் முள் கேஜ் 0 முதல் 150 வரை ஒரே சின்ன வட்டத்தில் நெருக்கிப் போட்டது. அதில் 30-க்கும் 34-க்கும் நடுவே முள்ளின் தடிமன்தான் இருக்கும்.

அலகுப் பொத்தான் கை தவறி அமுங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். 33 பிஎஸ்ஐ என்பது 2.3 பார், 228 கிலோபாஸ்கல். பக்கச்சுவரில் 44, 51 என்று அச்சிட்டிருப்பது அந்த டயர் தாங்கும் உச்சம். அது உங்கள் கார் கேட்கும் அளவல்ல. ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் இருக்கும் ஸ்டிக்கர்தான் கணக்கு.

22 மார்ச்

"பங்க்கில் இலவசமாக அடிப்பார்களே, இதெல்லாம் எதற்கு?"

பங்க் வரை ஓட்டிப் போனால் டயர் சூடாகியிருக்கும். ஸ்டிக்கர் சொல்வது ஆறிய டயரின் அளவு. 33 பிஎஸ்ஐ அளவில் 10 டிகிரி ஏறினால் 1.6 பிஎஸ்ஐ கூடும். சூட்டில் 36 காட்டுகிறதென்று மூன்றை இறக்கிவிட்டு வந்தால் மறுநாள் காலை குறைவாக நிற்கும். காலையில் வாசலில், வண்டி எடுக்கும் முன் அளப்பது என்பதற்காகவே சொந்தப் பம்ப். நைட்ரஜன் அடித்திருந்தாலும் மேலே சாதாரணக் காற்று ஏற்றலாம், ஒன்றும் ஆகாது. காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான்.

25 மார்ச்

பேச்சு மலைக்குப் போய்விட்டது. மேட்டுப்பாளையத்தில் 33 வைத்து ஊட்டி போனால் அங்கே வெளிக்காற்றின் அழுத்தம் குறைவு, அதனால் கேஜில் மூன்று பிஎஸ்ஐ கூடுமே, குறைக்க வேண்டாமா என்பது கேள்வி. பாதி சரி. 2,240 மீட்டர் உயரத்தில் அந்தக் கூடுதல் உண்மைதான். ஆனால் கீழே 33 டிகிரி, மேலே காலையில் 16 என்றால் குளிரால் 2.7 குறையும். இரண்டும் கழிந்து கேஜ் ஏறக்குறைய அதே 33 காட்டும். கைவைக்காதீர்கள். மலையேறிய சூட்டோடு பார்த்தால் வேறு எண் வரும், அதற்கும் கைவைக்காதீர்கள்.

2 ஏப்ரல்

பஞ்சர். ஆணி ஏறியிருந்தால் பிடுங்காதீர்கள், டியூப்லெஸ்ஸில் அதுவே பாதி அடைப்பு. 35 வரை ஏற்றி, ஐந்து நிமிடம் கழித்துப் பாருங்கள். ஒன்று இரண்டு இறங்கினால் மெதுவாகப் பஞ்சர் கடை வரை போகலாம், வழியில் நிறுத்தி மறுபடி ஏற்றலாம். பம்ப் ஓடும்போதே ஏறாமல் நின்றால் ஓட்டை பெரிது, ஸ்டெப்னி மாட்டுங்கள்.

பம்பால் முடியாத இடம் இரண்டு. டயரின் விளிம்பு ரிம்மை விட்டு நழுவியிருந்தால் இந்தச் சின்னப் பம்பின் காற்று இடுக்கு வழியே போய்க்கொண்டே இருக்கும். ஒரே மூச்சில் நிறையக் காற்று தரும் கடைக் கம்ப்ரசர்தான் வேண்டும். இரண்டாவது, காற்றில்லாமல் ஓட்டிய டயர். பக்கச்சுவரில் சுற்றிலும் தேய்ந்த வரியோ, உள்ளே கருப்பு ரப்பர் தூளோ இருந்தால் காற்று நின்றாலும் அந்த டயர் முடிந்தது. நிரப்பி நெடுஞ்சாலை ஏறாதீர்கள்.

2020-ல் மோட்டார் வாகன விதியில் செய்த திருத்தத்தின்படி, டயர் அழுத்தக் கண்காணிப்பும் பஞ்சர் கிட்டும் உள்ள பயணிகள் கார்கள் ஸ்டெப்னி இல்லாமல் வரலாம். அப்படிப்பட்ட காரில் பம்ப் ஏற்கெனவே இருக்கும், டிக்கித் தரையைத் தூக்கிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். கூட வரும் சீலன்ட் (ஓட்டையை அடைக்கும் பசை) பாட்டிலுக்குக் காலாவதித் தேதி உண்டு. உள்ளே சீலன்ட் ஊற்றிய டயருக்குப் பிறகு காற்றடிக்கும்போது வால்வு மேல்பக்கம் வருமாறு சக்கரத்தை நிறுத்துங்கள். கீழே இருந்தால் அந்தப் பசை குழாய்க்குள் ஏறிப் பம்பையும் அடைக்கும்.

3 ஏப்ரல்

ஸ்கூட்டர், சைக்கிள் வைத்திருப்பவர்களுக்குச் சுருக்கமாக. ஸ்கூட்டர் டயரில் ஆறு லிட்டர் சுமார்தான் இடம். வாய்ப்பூட்டைத் திருகிக் கழற்றும்போது ஒரு லிட்டர் சீறிப் போனால் காரில் அரை பிஎஸ்ஐ, ஸ்கூட்டரில் இரண்டரை. ஸ்கூட்டருக்கு நெம்புகோல் வாய்ப்பூட்டு நல்லது, அல்லது கூடுதலாக வைத்துச் சட்டென்று கழற்றுங்கள். சின்ன ரிம்மில் டிஸ்க்குக்கும் வால்வுக்கும் நடுவே நேர் வாய்ப்பூட்டு நுழையாது, வளைந்த இணைப்பான் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். சாதாரண சைக்கிளின் வால்வு வேறு வகை, காரின் வாய்ப்பூட்டு அதில் உட்காராது. பெட்டியில் அதற்கான பித்தளை முனை இருக்கிறதா என்று பார்க்கவும். பம்பின் 100, 150 எல்லாம் உண்மையில் பயன்படும் ஒரே இடம் ஒல்லி டயர் சைக்கிள்தான். முதல் நாள் மறக்கச் சொன்னதை அவர்கள் மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளலாம்.

14 ஏப்ரல் (கேள்வி கேட்டவர்)

120 வாட், ஒற்றைச் சிலிண்டர், ஒயர் வகை வாங்கினேன். 34 வைத்து அமுக்கினால் இரண்டு நொடியில் திரை 34 தாண்டி நின்றுவிடுகிறது. டயர் அப்படியே இருக்கிறது. மாற்றித் தரச் சொல்லலாமா?

14 ஏப்ரல்

வேண்டாம். வாய்ப்பூட்டு வால்வின் மேல் உட்கார்ந்திருக்கிறது, ஆனால் நடுவிலுள்ள பின்னை அமுக்கவில்லை. பம்ப் குழாயை மட்டும் நிரப்பிவிட்டு, வேலை முடிந்தது என்று நிற்கிறது. முழுவதும் இறுகும்வரை இன்னும் இரண்டு சுற்று திருகுங்கள். சரியாக உட்கார்ந்தால், பம்பைப் போடுவதற்கு முன்பே டயரில் இருக்கும் அளவைத் திரை காட்ட வேண்டும். பூஜ்யம் காட்டினால் தொடங்காதீர்கள்.

அப்படியும் பூஜ்யம் என்றால் வாய்ப்பூட்டுக்குள் எட்டிப் பாருங்கள், நடுக்குச்சி வளைந்தோ உள்வாங்கியோ இருக்கும். திருகும்போது இறுகியபின்னும் சீறல் நிற்காவிட்டால் உள்ளே ரப்பர் வளையம் விழுந்துவிட்டது. கழற்றியபின் வால்வில் எச்சில் தொட்டு வையுங்கள். குமிழி வந்தால் அந்தக் கசிவு டயர் வால்வின் பின்னிலிருந்து வருகிறது, பம்பைத் திட்ட வேண்டாம். பஞ்சர் கடையில் பின்னை மாற்ற ஒரு நிமிடம்.

14 ஏப்ரல், மாலை (கேள்வி கேட்டவர்)

இரண்டு சுற்று திருகினேன். 27 காட்டியது. ஒரு நிமிடத்துக்குள் 34, நின்றதும் 33. பிளக் வெதுவெதுப்பு. வால்வு மூடி ஒன்று மட்டும் சாக்கடைக்குள் போய்விட்டது.

15 ஏப்ரல்

மூடி இல்லாமல் விடாதீர்கள், மண் போனால் வால்வு கசியும். பஞ்சர் கடையில் சும்மாவே தருவார்கள். அடுத்த முறை கழற்றியதும் சட்டைப்பையில் போடுங்கள்.